எல்லாருக்கும் இருக்கிறதுதானே



இந்த வாரம் பழைய பள்ளிக்கூடப் படமும் இல்லை, மாடித்தோட்டத்துக் கத்தரிக்காய்ப் படமும் இல்லை. கொஞ்சம் நீளமாக ஒன்று எழுதப் போகிறேன். கர்ப்பப்பையில் வருகிற ஒரு நோயைப் பற்றி. "டீச்சர் ஏதோ பொம்பளைங்க சமாச்சாரம் எழுதுறாங்க" என்று ஆண் பிள்ளைகள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறாள், சிலருக்கு வயதுக்கு வந்த மகளும் இருக்கிறாள். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடக் கூப்பிடுவது உங்களைத்தானே?

என் சின்ன நாத்தனார் இதைப் படித்ததும் "மதினி, இதையெல்லாமா பேஸ்புக்ல போடுவாக?" என்று போன் போடுவாள். போடட்டும்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை. பெயர் வேண்டாம். இதை எழுதி முடித்து அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். அவள் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டேன், சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வயது 38. ஒரே மகள்.

"டீச்சர், எனக்கு கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. தீபாவளி வியாபாரம் முடியட்டும்னு தள்ளிப் போட்டிருக்கேன். ஏதோ அடினோமையோசிஸ்னு எழுதியிருக்கு. கேன்சரா டீச்சர்? நீங்களும் எடுத்துக்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான் கேக்கலாம்னு."

அந்தப் பெயரை எங்கோ பார்த்த ஞாபகம். அவளிடம் "நாளைக்குப் பேசுறேன் தாயி" என்று சொல்லி வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். என் பணிப்பதிவேட்டு நகல், எல்.ஐ.சி. பத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் 2002-ஆம் வருஷத்து ஆஸ்பத்திரி உறை. டிஸ்சார்ஜ் தாளுக்குப் பின்னால் பின் அடித்த பயாப்சி தாள். பின் துருப்பிடித்து தாளில் பழுப்புக் கறை. கடைசி வரியில் ஆங்கிலத்தில் அதே வார்த்தை. அடினோமையோசிஸ்.

22 வருஷமாக அந்தத் தாள் என் வீட்டில்தான் இருந்திருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தைக் கற்றுக் கொடுத்தவள், தன் உடம்பைப் பற்றி எழுதிய தாளைப் படிக்கவில்லை. எனக்கு வந்தது என்ன நோய் என்று யாராவது கேட்டால் "கட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னது அவ்வளவுதான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

1999. எட்டாம் வகுப்பு. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இதே பிள்ளை கடைசி பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்துப் பிள்ளை எழுந்து "டீச்சர், அவளுக்கு வயித்து வலி" என்று சொன்னது. எல்லாருக்கும் புரிந்த வயித்து வலி. நான் கிட்டப் போய், மற்ற பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "எல்லாருக்கும் இருக்கிறதுதானே? எனக்கு இல்லையா? எந்திரிச்சு உக்காரு. பொம்பளைப் பிள்ளை பொறுத்துக்கப் பழகணும்."

எழுந்து உட்கார்ந்தாள். பெருக்கல் கணக்கைப் போட்டுக் காட்டினாள். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது எனக்கு வயது 41. நானே அந்த நாளில் இரண்டு மடிப்புத் துணி வைத்து, அதற்கு மேல் நாப்கின் வைத்து, கறுப்புப் பார்டர் போட்ட மெரூன் சேலை கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தினேன். மாசத்தில் அந்த ஆறேழு நாளுக்கென்றே மூன்று அடர்நிறச் சேலைகள் தனியாக வைத்திருந்தேன். என் பழைய பிள்ளைகள் சிலர் "டீச்சர் நாற்காலியில உக்காரவே மாட்டாங்க, நின்னுக்கிட்டே நடத்துவாங்க" என்று புகழ்ந்து எழுதுவீர்கள். உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியில் கறை இருக்குமோ என்ற பயம் அது. பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பக்கத்து வீட்டு ஆச்சி தன் வீட்டுக் கொல்லையைத் திறந்துவிடும். இன்டர்வெல்லுக்குள் ஓடிப் போய் வரவேண்டும்.

கட்டி கட்டியாகப் போகும். இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி. அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி வலி, தொடை வரை இறங்கும். என் மாமியார் "பெரும்பாடு" என்பார். வாழைப்பூவை இடித்துச் சாறெடுத்து மோரில் கலந்து கொடுப்பார். பாவம், அவருக்குத் தெரிந்தது அது. அவருக்கும் அப்படித்தான் போகுமாம், 50 வயதில் தானாக நின்றதாம். "நின்னுரும் ஆத்தா, பொறுத்துக்கோ."

2002 மாசியில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன். ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். "கர்ப்பப்பை வீங்கியிருக்கு, கட்டி இருக்கு. ரெண்டு பிள்ளை இருக்குல்ல? இனி எதுக்கு அது? எடுத்துடுவோம்" என்றார்கள். எங்கள் வீட்டு சார் கையெழுத்துப் போட்டார். ரத்தம் ஏற்றி, நாலாம் நாள் ஆபரேஷன். கோடை விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் லீவு மிச்சம் என்று அன்று சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். உதிரப்போக்கும் வலியும் அத்தோடு நின்றன. இருபது வருஷத் தொல்லை முடிந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாள் எனக்குத் திருவிழா. ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை.

எனக்குத் தெரியாமல் போன விஷயம் வேறு. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஒரு மாசத்தில் உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி சூடு, நடுராத்திரியில் வேர்வை, காரணமில்லாத அழுகை. "வேலைப்பளு" என்றார்கள். 2013-இல் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றினதுதான், மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் "மாதவிடாய் எந்த வயசுல நின்னுச்சு?" என்றார். "44-ல, ஆபரேஷன்." "ஓவரி இருக்கா?" "தெரியலையே சார்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் போய்க் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கும் பின்னால் இருந்த பயாப்சி தாளைப் புரட்டவில்லை.

சினைப்பைதான் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற இடம். எலும்புக்கும் இதயத்துக்கும் அது காவல். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அப்படித் தானாக நிற்கும்போது உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். கத்தியால் எடுத்தால் ஒரே நாளில் வற்றிவிடும். கர்ப்பப்பையை எடுக்கிற எல்லாருக்கும் சினைப்பையை எடுக்க வேண்டிய அவசியம் கிடையாது. எடுக்கவே வேண்டிய காரணம் இருந்தால், இழந்த ஹார்மோனுக்குப் பதிலாக மருந்து தேவையா என்று பேசியிருக்க வேண்டும். என்னோடு யாரும் பேசவில்லை.

சரி, அந்த நோய் என்ன என்று சொல்கிறேன். அடுத்த பத்து நாள் நான் படித்ததும், பிறகு டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதும் இது.

கர்ப்பப்பைக்கு இரண்டு முக்கிய அடுக்கு. உள்ளே மெல்லிய சவ்வு, வெளியே தடித்த தசைச்சுவர். மாதாமாதம் அந்த உள்சவ்வு வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து போகிறது. அதுதான் மாதவிடாய். அடினோமையோசிஸில் அந்தச் சவ்வின் திசு தசைச்சுவருக்குள்ளேயே போய் வளர்கிறது. தசைக்குள் இருந்தாலும் அது மாசக்கணக்கை மறப்பதில்லை. ஹார்மோன் ஏறும்போது வீங்கும், கசியும். வெளியேற வழி இல்லை. சுற்றியுள்ள தசை தடித்து, கர்ப்பப்பை மொத்தமாக உப்பி உருண்டையாகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பல்க்கி யூட்டரஸ்" என்று போடுவார்களே, பலருக்கு அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஃபைப்ராய்டு கட்டி வேறு, இது வேறு. இரண்டையும் ஊரில் "கட்டி" என்றே சொல்கிறோம். சமையலறையில் வைத்துச் சொன்னால் புரியும். ஃபைப்ராய்டு என்பது கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி. மாவு தனி, பூரணம் தனி. பிட்டு, பூரணத்தை மட்டும் எடுத்துவிடலாம். அடினோமையோசிஸ் முறுக்கு மாவில் பிசைந்த எள் மாதிரி. எள்ளை மட்டும் எப்படிப் பொறுக்குவீர்கள்? அதனால்தான் "கட்டியை மட்டும் எடுங்க டாக்டர், பையை விட்டுருங்க" என்றால் டாக்டர்கள் யோசிக்கிறார்கள். சிலருக்கு ஒரே இடத்தில் திரண்டு இருக்கும், அவர்களுக்குக் கொஞ்சம் வழி உண்டு.

இது கேன்சர் இல்லை. என் பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கு அதுதான் பதில். சி.ஏ.125 என்றொரு ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவு கூட என்று வந்தால் வீடே அழுகிறது. இந்த நோயிலும் அந்த அளவு ஏறலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக 45 வயதில் தாறுமாறாக உதிரம் போனால் சும்மா இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கச் சொன்னால் சோதித்துவிடுங்கள்.

ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான ஒரே பதில் இன்னும் இல்லை. பிள்ளை பெற்றவர்கள், சிசேரியனோ கருச்சிதைவுக்குச் சுத்தம் செய்ததோ நடந்தவர்கள், இவர்களிடம் அதிகம் பார்க்கிறார்களாம். உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே உள்ள எல்லை அடிபட்டு, அந்த வழியாகத் திசு உள்ளே இறங்குகிறது என்பது ஒரு விளக்கம். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் வருகிறது. யார் சாபமும் இல்லை, எந்தச் சாப்பாட்டாலும் வந்ததில்லை. இது இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்நாளைக் கழிக்கிற பெண்களும் நிறைய. மாதவிடாய் நின்றதும் பெரும்பாலும் அடங்கிவிடும். என் மாமியாருக்கு இதுதான் இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் போய்ச் சேர்ந்து 15 வருஷம் ஆகிறது.

1860-லேயே வியன்னாவில் ரோகிடான்ஸ்கி என்ற மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1908-இல் அமெரிக்காவில் தாமஸ் கல்லன் என்பவர் இதற்கென்று ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அப்புறம் ஏன் எங்கள் காலத்தில் யாரும் வாயால் சொல்லவில்லை? கர்ப்பப்பையை வெட்டி எடுத்து, சீவி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி என்று வெகுகாலம் இருந்தது. நோயின் பெயர் தெரியும்போது கர்ப்பப்பை ஜாடியில் இருக்கும். எனக்கு நடந்ததும் அதே. இப்போது உள்வழி ஸ்கேனிலேயே தேர்ந்தவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. அதில் உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே ஒரு பட்டை தெரியும், அது 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் இந்த நோய்க்கு அடையாளம். கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்று கூச்சப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்கலாம்.

தீபாவளி முடிந்து என் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். பார்த்ததும் திக்கென்றது. கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 7.1. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை கடையில் நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அவள் கடையிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம். "உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாப்பாரு டீச்சர். எனக்கும் உக்கார பயம்" என்றாள். எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. அவள் கட்டியிருந்தது கருநீலச் சேலை.

காபி கொடுத்துவிட்டு, 1999-ஐப் பற்றிச் சொன்னேன். "உன்னை அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தாயி. தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "போன மாசம் எம் மகளுக்கு வலி வந்து ஸ்கூல் போகலன்னு அழுதா. நீங்க சொன்னதை அப்படியே சொல்லி அனுப்பிவிட்டேன் டீச்சர். எல்லாருக்கும் இருக்கிறதுதானேன்னு."

என்னிடமிருந்து போன பாடம், எழுத்து மாறாமல் அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கிறது.

மறுவாரம் இருவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். விடிகாலையிலேயே போய் வரிசையில் நின்றோம். என் பேத்தி வயது என்று சொல்ல முடியாது, மகள் வயது டாக்டர். "நீங்க இவங்களுக்கு யாரும்மா?" என்றார். "டீச்சர்" என்றேன். சிரித்துவிட்டு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி, 2002-இல் என்னிடம் யாரும் கேட்காதது. "உங்களுக்கு எது அதிகத் தொல்லை, வலியா, உதிரப்போக்கா? இன்னொரு குழந்தை வேணும்னு நினைப்பு இருக்கா?" அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் எந்த வழி என்று முடிவு பண்ண முடியும் என்றார்.

அவர் சொன்ன வழிகளை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்தேன். அதிலிருந்து சொல்கிறேன்.

வலிக்கு மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரை, உதிரப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம். இவை அந்தந்த நாளைக் கடத்த உதவும், நோயைத் தொடாது. மெடிக்கலில் மெஃப்டால் வாங்கி மிட்டாய் மாதிரி விழுங்குகிற பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. அதனால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது. உடம்பில் தடிப்பு, காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு ஓடவேண்டும். ரத்தம் உறைகிற நோய் இருந்தவர்கள் டிரானெக்சாமிக் பற்றிக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

அடுத்தது ஹார்மோன் காயில். காப்பர் டி மாதிரியே டி வடிவம், ஆனால் செம்புக்குப் பதில் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அதில் 52 மில்லிகிராம் இருக்கும். மிரெனா என்ற பெயரில் வருவது இதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசிந்து சவ்வை மெலிய வைக்கும். அதிக உதிரப்போக்குக்கு ஐந்து வருஷம் வரை வேலை செய்யும். எடுக்கவேண்டும் என்றால் எந்நேரமும் எடுக்கலாம், எடுத்தபின் கர்ப்பம் தரிக்கலாம். குறையும் உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாசம் சொட்டுச் சொட்டாகத் தாறுமாறாகப் படும். கர்ப்பப்பை ரொம்பப் பெரிதாக இருந்தால் தானாக வெளியே வந்துவிடலாம். சாதாரணக் காப்பர் டி இதற்கு மாற்று இல்லை, அது உதிரப்போக்கைக் கூட்டவே செய்யும். நம் ஊரில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

டைனோஜெஸ்ட் என்று தினம் ஒரு மாத்திரை, 2 மில்லிகிராம். வலிக்கு நன்றாகக் கேட்கிறதாம். சிலருக்கு உதிரம் விட்டு விட்டுப் படும், சிலருக்கு மனசு சோர்ந்து போகும், அப்படியென்றால் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊசி ஒன்றும் இருக்கிறது. மாசத்துக்கொரு தரமோ மூன்று மாசத்துக்கொரு தரமோ போடுவது. சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்க வைத்துவிடும், கர்ப்பப்பை சுருங்கும். ஆனால் எனக்கு வந்த அதே சூடு, அதே எலும்புத் தேய்மானம் வரலாம் என்பதால், கூடவே வேறு ஹார்மோன் கொடுக்காமல் ஆறு மாசத்துக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை. குழந்தைக்காக முயற்சி செய்கிறவர்களுக்கு முன்னேற்பாடாகவும் போடுகிறார்கள். காயில் இருக்கும் வரை கரு தங்காது, உடனே குழந்தை வேண்டும் என்கிறவர்களின் பாதை தனி, அவர்கள் குழந்தைப்பேறு மருத்துவரோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

கத்தி இல்லாமல் இன்னும் இரண்டு முறை இருக்கின்றன. தொடை இடுக்கு வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சின்னச் சின்னத் துகள்களால் அடைப்பது ஒன்று. ஒலி அலைகளை ஓர் இடத்தில் குவித்துச் சூட்டால் அந்தத் திசுவைக் கருக்குவது இன்னொன்று, சீனாவில் இதை நிறையச் செய்கிறார்கள். இரண்டும் எல்லா ஊரிலும் கிடைக்காது, எல்லாருக்கும் பொருந்தாது. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு நோய்பட்ட தசையை மட்டும் செதுக்கி எடுக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. ஜப்பானில் ஒசாடா என்ற டாக்டர் அதற்கொரு தனி முறையே வகுத்திருக்கிறார். எள் பொறுக்குகிற வேலைதான். அதற்குப் பிறகு கர்ப்பமானால் தையல் போட்ட சுவர் விட்டுப்போகிற ஆபத்து இருப்பதால், கைதேர்ந்தவரிடம் மட்டும்தான் போகலாம்.

கடைசியாகக் கர்ப்பப்பை அகற்றுதல். இந்த நோயை அடியோடு முடிப்பது அதுதான், அதை டாக்டர் மறைக்கவில்லை. "தப்பான சிகிச்சை இல்லம்மா அது. முதல் சிகிச்சையா இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்" என்றார். குழந்தை போதும், மருந்தெல்லாம் பார்த்தாயிற்று, வாழ்க்கையே நடத்த முடியவில்லை என்கிற பெண் எடுத்துக்கொள்வது அவள் உரிமை. சினைப்பையை விடுவீர்களா எடுப்பீர்களா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். பயாப்சி தாளை வாங்குங்கள். வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். மகாராஷ்டிரத்து பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாசத்தில் ஒரு நாள் வேலை கெட்டால் அபராதம் என்பதற்காகவே இளவயதில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வந்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாசத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "இனி எதுக்கு அது?" என்ற கேள்வி என் ஒருத்தியிடம் மட்டும் கேட்கப்பட்டதல்ல.

என் பிள்ளைக்கு வருவோம். முதலில் ரத்தம் ஊறட்டும் என்று இரும்புச்சத்து ஊசி ஏற்றினார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள், அதை டீ, பாலோடு போடக் கூடாது. அவள் டீயோடுதான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், இத்தனை நாள் அது உடம்பில் சேரவில்லை. ஒன்பது புள்ளி சொச்சத்துக்கு வந்த பிறகு ஹார்மோன் காயில் வைத்துக்கொண்டாள். அவளே எடுத்த முடிவு. அவள் வீட்டுக்காரரையும் டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷன், கூச்சத்தில் கடைசி வரை காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாலு மாசம் படாதபாடு. தினமும் கொஞ்சம் கொஞ்சம் படும். "எடுத்திரலாமா டீச்சர்?" என்று இரண்டு தடவை அழுதாள். ஐந்தாவது மாசம் குறைந்தது. இப்போது எட்டாவது மாசம். வலி முழுக்கப் போகவில்லை, ஒரு நாள் இருக்கிறது, மாத்திரையில் அடங்குகிறது. ஹீமோகுளோபின் 11.2. நாளைக்கு இது ஒத்துவராமல் போனால் ஆபரேஷன் இருக்கவே இருக்கிறது, சினைப்பையை விட்டுவிட்டு எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். மஞ்சள் சேலை.

அவள் மகளையும் கூட்டிப் போய்க் காட்டினோம். அந்த வயதில் வருகிற வலி பெரும்பாலும் சாதாரண வலிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். வலி தொடங்குமுன்பே மாத்திரை போடச் சொல்லி, வெந்நீர்ப் பை வைக்கச் சொல்லி, ஒரு நோட்டில் தேதி எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போக முடியாத அளவு தொடர்ந்தால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை நோட்டின் முதல் பக்கத்தில் கலர் பென்சிலால் பார்டர் எல்லாம் போட்டு எழுதிக்கொண்டு வருகிறது.

இதைப் படிக்கும் பெண் பிள்ளைகள் கவனியுங்கள். மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், ஏழு நாளுக்கு மேல் நீண்டால், வலியால் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாவிட்டால் அது "எல்லாருக்கும் இருக்கிறது" இல்லை. பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் 14 பேர் இந்த பக்கத்தில் இருக்கிறீர்கள். கடைசி பெஞ்சில் யாராவது சுருண்டு படுத்திருந்தால் என்ன சொல்லக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1999-இல் அதே வகுப்பில் இருந்த மற்ற பெண் பிள்ளைகளும் அதைக் கேட்டீர்கள். உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பாதீர்கள், நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் இல்லை, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்றால் போன் போடுங்கள், மதுரை வரைக்கும் வருவேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பேரனை நீச்சலுக்குக் கூட்டிப் போகவேண்டும்.